வாய் மூடியிருந்தால் பிள்ளைகளைக் காக்க முடியாது

(குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்திற்கு வந்தார். மகனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் தொழிற்சாலையில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "வழக்குப் போடலாமா ஐயா?" என்றார். 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும் என்றேன். பேச்சுவாக்கில், வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். முதலாளி செய்ததைத்தானே நாமும் வீட்டில் செய்கிறோம்?

ஒரே தட்டில் சாப்பிட்டால் இது தொற்றாது. கொசு கடித்தாலும் தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, கிருமியுள்ள இரத்தம், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து குழந்தைக்கு - இவைதாம் வழிகள்.

மலேசியாவில் 1986-இல் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். 2002-இல் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாகத் தொற்றியது. பெரும்பாலோர் போதை ஊசி போட்டவர்கள். 2005-இல் மெத்தடோன் சிகிச்சையும் 2006-இல் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தன. ஊசி வழித் தொற்று வெகுவாகக் குறைந்தது. அடித்துத் திருத்தியதால் அல்ல, விவரம் சொல்லி வழியும் காட்டியதால்!

இன்று நிலைமை வேறு. புதிய தொற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உடலுறவு வழி வருகின்றன. பெரும்பாலோர் 20 முதல் 39 வயதுக்குட்பட்டவர்கள். ஊசியைப் பற்றிப் பேசிய நாம், இதைப் பேச வெட்கப்படுகிறோம். நாம் சொல்லாததைப் பிள்ளை கைப்பேசியில் அரைகுறையாகத் தெரிந்துகொள்கிறான்.

பேசினால் பிள்ளை கெட்டுப்போவான் என்று பயப்படாதீர்கள். ஆணுறை ஏன், பரிசோதனை எங்கே என்று தெரிந்த பிள்ளைதான் தன்னைக் காத்துக்கொள்வான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "இந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்துகிறீர்களா?" என்று கேளுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் பரிசோதனை செய்யலாம். அரசாங்க மருத்துவமனையில் மருந்தும் உண்டு. தினமும் மருந்து சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழி மற்றவருக்குத் தொற்றாது. கர்ப்பிணிகளைப் பரிசோதித்து மருந்து கொடுத்ததால், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது.

வேலைக்காக நான் வாதாடுவேன். ஆனால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு இடம் கொடுக்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.