விடுதிக் காப்பாளரின் கையொப்பம்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கில் அமெரிக்க நீதிபதிகள் 1947 ஆகஸ்டில் நியூரம்பெர்க் நகரில் தீர்ப்பளித்தனர். வதைமுகாம் கைதிகளை உறைபனி நீரில் அமிழ்த்தி, எவ்வளவு நேரத்தில் உயிர் பிரிகிறது எனக் குறித்துக்கொண்ட ஆய்வுகளுக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவர்களும் அவ்வழக்கின் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். ஆய்வுக்கு உட்படுபவரின் தன்விருப்ப ஒப்புதல் இன்றியமையாதது என்பதே அத்தீர்ப்பு வகுத்த பத்து விதிகளுள் முதலாவது.

அந்நீதிபதிகளின் சொந்த நாட்டில், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், வேறோர் ஆய்வு 1932 முதல் நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்கள். பெரும்பாலோர் வாரக் குத்தகை உழவர்கள். அவர்களுள் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய். "கெட்ட இரத்தம்" என்று மட்டுமே அவர்களிடம் கூறப்பட்டது. பெனிசிலின் அந்நோயைக் குணப்படுத்தும் எனத் தெளிவான பின்னும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நடத்தியது அரசின் பொதுச் சுகாதாரத் துறை. 1972இல் செய்தி வெளியான பின்னரே ஆய்வு நின்றது.

அயல்நாட்டுக் கதை என்று இதைக் கடந்துவிட நமக்கு உரிமையில்லை. 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமியர் ஏறத்தாழ 24,000 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கிற்று. நடத்தியது 'பாத்' என்னும் அமெரிக்க அமைப்பு. உடன் நின்றவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. சிறுமியருள் பலர் விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடிக் குழந்தைகள். எழுவர் இறந்தனர். மகளிர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஊசியே எழுவரைக் கொன்றது என்று நம் மேடைகளில் சிலர் முழங்குகின்றனர். அது பிழை. அரசு அமைத்த விசாரணைக் குழு அவ்வாறு கூறவில்லை. அத்தடுப்பூசியின் பயன் உலகெங்கும் நிறுவப்பட்டது. உழைக்கும் பெண்களுக்கு அது தேவை. குற்றம் ஊசியில் இல்லை, ஊசி போட்ட முறையில் இருக்கிறது.

அம்முறையை நாடாளுமன்ற நிலைக்குழுவின் 72ஆவது அறிக்கை 2013 ஆகஸ்டில் அம்பலப்படுத்திற்று. ஆந்திரத்தில் 9,543 ஒப்புதல் படிவங்கள் ஆராயப்பட்டன. 1,948 படிவங்களில் கைநாட்டு. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளரின் கையொப்பம். பெற்றோர் உயிரோடிருக்க, யாருடைய பிள்ளைக்கு யார் ஒப்புவது?

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். ஆங்கிலத்தில் இன்ஃபார்ம்டு கன்சென்ட் என்பதை நாம் சோம்பலாய் 'ஒப்புதல்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். 'அறிந்தளித்த ஒப்புதல்' என்பதே சரி. அறிதல் நீங்கினால் எஞ்சுவது மை மட்டுமே. மறுக்கும் வலிமையும் அதனுள் அடங்கும். விடுதிச் சோற்றை நம்பி வாழும் குழந்தையின் தாய்க்கு அவ்வலிமை எங்கிருந்து வரும்?

நிலைக்குழு அறிக்கையை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாமா என்ற வினாவே அரசியல் சாசன அமர்வு வரை சென்றது. கொள்ளலாம் என 2018 மே மாதம் தீர்ப்பு வந்தது. அறிக்கையை நாமும் படிக்கவேண்டும். பழங்குடிப் பகுதிகளில் பணியாற்றும் தோழர்கள், எந்த மருத்துவத் திட்டம் வந்தாலும், அதன் படிவத்தைத் தாய்மொழியில் பெற்றோர் முன் உரக்கப் படித்துக்காட்டும்படி கேளுங்கள். மறுத்தவர் வீட்டுப் பிள்ளை விடுதியில் தொடர்கிறதா என்பதையும் அடுத்த மாதம் சென்று பாருங்கள்.