சமிக்ஞை இழந்த கைத்தொலைபேசி: அவுஸ்திரேலியத் தமிழ் இல்லங்கள் அறிய வேண்டியவை



கைத்தொலைபேசித் திரையின் மேல் ஓரத்தில் நிற்கும் சிறு கோடுகள் மறைந்துவிட்டால், பெரும்பாலான இல்லங்களில் அது ஒரு சிறு தொல்லையாகவே கருதப்படுகின்றது. பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று தொலைபேசி மேசையில் வைக்கப்பட்டுவிடுகின்றது. ஆனால் பகல் முழுவதும் வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கு அந்தக் கோடுகளே உதவியை அழைப்பதற்கான வழியாகும். நெஞ்சுவலியோ குளியலறையில் வழுக்கி விழுதலோ மாலை வரை காத்திருப்பதில்லை.

பல வீடுகளில் சமிக்ஞை இல்லாமற் போனதே தெரிவதில்லை. வீட்டின் வைபை இணைப்பில் வாட்ஸ்அப்பும் வைபரும் வழமைபோல இயங்கிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் உள்ள தங்கையுடன் ஒரு மணி நேரம் பேச முடிகின்ற தாயார், தமது தொலைபேசி நலமாகவே இருக்கின்றது என்று எண்ணுவது இயல்பே. எனினும் அவசர உதவி இலக்கமான 000 வாட்ஸ்அப் ஊடாக எடுக்கப்படக்கூடியது அன்று. ஆதலால் வைபைக் குறி வேறு, தொலைபேசி வலைப்பின்னலின் குறி வேறு என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பிரித்தறிதல் முதற்கடமை. மாதம் ஒருமுறை வைபையை நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள மற்றொருவரின் இலக்கத்திற்குச் சாதாரண அழைப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தால் உண்மை நிலை விளங்கிவிடும்.

சமிக்ஞை இல்லை என்று கண்டறிந்தபின், பழுது எங்கே உள்ளது என்பதை ஒழுங்காகத் தேட வேண்டும். பழுது நான்கு இடங்களில் இருக்கலாம்: இடமும் வலைப்பின்னலும், தொலைபேசிக் கருவி, சிம் அட்டை, வாடிக்கையாளரின் கணக்கு.

முதலில், அதே நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தும் மற்றொரு தொலைபேசி அதே அறையில் இயங்குகின்றதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இயங்கவில்லையாயின், குறை பெரும்பாலும் கோபுரத்திலோ அந்த இடத்திலோ உள்ளது. நிலவறை, தடித்த கொங்கிரீட் சுவர், உலோகக் கூரை ஆகியன அலைகளைத் தடுக்கும். வாசலுக்கு வெளியே சென்று பார்த்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

மற்றத் தொலைபேசி இயங்குமாயின், விமானப் பயண நிலை தவறுதலாக அழுத்தப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அந்நிலையை ஒருமுறை இட்டு எடுத்தால், தொலைபேசி கோபுரத்துடன் தன்னைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். அது பயனளிக்காவிடின், கருவியை முற்றாக அணைத்து அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்கலாம். வலைப்பின்னலைத் தெரிவு செய்யும் அமைப்பு தானியங்கு நிலையில் உள்ளதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தின்போது மாற்றப்பட்ட அமைப்பு திரும்பவும் சரிசெய்யப்படாமல் விடப்படுவது உண்டு.

அடுத்தது சிம் அட்டை. அதனை வெளியே எடுத்து, உலர்ந்த மென்துணியால் துடைத்து, மீண்டும் சரியாகப் பொருத்த வேண்டும். பின்னர் அதே அட்டையை இயங்கும் வேறொரு தொலைபேசியில் இட்டுப் பார்க்க வேண்டும். அங்கு இயங்கினால் குறை முதற்கருவியில் உள்ளது. அங்கும் இயங்காவிட்டால் குறை அட்டையிலோ கணக்கிலோ உள்ளது. கடைக்குச் சென்று தேவையற்றுப் புதிய தொலைபேசி வாங்குவதை இந்த ஒரு சோதனையே பலமுறை தவிர்த்துவிடும். முற்பணச் சேவையின் தவணை முடிந்துவிட்டதா என்பதையும் இவ்வேளையில் விசாரித்தல் நன்று. வலைப்பின்னல் அமைப்புகளை முற்றாக மீளமைத்தல் இறுதி வழியாகவே இருக்கட்டும்; அது சேமிக்கப்பட்ட வைபைக் கடவுச்சொற்களையும் அழித்துவிடும்.

இவை யாவும் செய்தும் பயனில்லையெனில், மூன்று காரணங்கள் கருத்திற் கொள்ளப்பட வேண்டும்.

முதலாவது, தொலைபேசி நம்பியிருந்த வலைப்பின்னலே மூடப்பட்டிருத்தல். அவுஸ்திரேலியாவில் வொடபோனின் மூன்றாம் தலைமுறை வலைப்பின்னல் 2024 ஜனவரியில் மூடப்பட்டது. டெல்ஸ்ராவும் ஒப்டஸும் 2024 ஒக்ரோபர் 28 முதல் தமது மூன்றாம் தலைமுறை வலைப்பின்னல்களை மூடத் தொடங்கின. பழைய கருவிகள் முற்றாகச் செயலிழந்தமை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் சில கருவிகள் சாதாரண அழைப்புகளை நான்காம் தலைமுறையில் எடுத்தாலும், அவசர அழைப்பை மட்டும் மூன்றாம் தலைமுறையிலேயே எடுக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள அத்தகைய கருவி, உயிர் போகும் வேளையில் கைவிட்டுவிடும். இதனாலேயே, 000 இலக்கத்தை அழைக்க இயலாத கருவிகளைத் தமது வலைப்பின்னலில் இருந்து நீக்க வேண்டிய கடப்பாடு நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்டது.

கொழும்பிலோ சென்னையிலோ வாங்கிய தொலைபேசியுடன் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அங்கு குறையின்றி இயங்கிய கருவி, இந்நாட்டின் வலைப்பின்னலில் நான்காம் தலைமுறைக் குரல் அழைப்புக்கு ஏற்றதாக இல்லாதிருக்கலாம். அதனைக் கண்டறிய 000 இலக்கத்தை அழைத்துச் சோதித்தல் ஆகாது. *#06# என்று அழுத்தினால் கருவியின் 15 இலக்க அடையாள எண் திரையில் தோன்றும். அந்த எண்ணைச் சேவை நிறுவனத்திடம் கொடுத்து, அவசர அழைப்பு இயங்குமா என்று கேட்டறிதலே சரியான வழி.

இரண்டாவது, கருவி தடைசெய்யப்பட்டிருத்தல். பழைய தொலைபேசியை மலிவாக வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். திருடப்பட்டதாகவோ தொலைந்ததாகவோ அறிவிக்கப்பட்ட கருவி, அதே அடையாள எண்ணைக் கொண்டு முடக்கப்படும். எந்தச் சிம் அட்டையை இட்டாலும் அதற்குச் சேவை கிடையாது.

மூன்றாவது, தொலைபேசி இலக்கமே களவாடப்பட்டிருத்தல். மோசடிக்காரர் ஒருவர் வாடிக்கையாளரைப் போல நடித்து, அவருடைய இலக்கத்தை வேறொரு சிம் அட்டைக்கோ வேறொரு நிறுவனத்திற்கோ மாற்றிவிட்டால், உரியவரின் தொலைபேசி திடீரெனச் சமிக்ஞையை இழக்கும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடுகள் அதன்பின் மோசடிக்காரரையே சென்றடையும். இதனைத் தடுக்க, இலக்கத்தை நிறுவனம் மாற்றுமுன் கூடுதல் அடையாளச் சோதனை நடத்த வேண்டும் என்ற விதி 2020இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் சிம் மாற்றம் போன்ற செயல்களுக்கும் கடுமையான அடையாள விதிகள் வந்தன. விதிகள் இருப்பினும் விழிப்பு அவசியம். கேட்காத குறியீடு ஒன்று குறுஞ்செய்தியில் வந்து, சிறிது நேரத்தில் சமிக்ஞையும் மறைந்தால், மாலை வரை காத்திருத்தல் ஆகாது. வேறொரு தொலைபேசியில் இருந்து முதலில் சேவை நிறுவனத்தையும் உடனே வங்கியையும் அழைத்தல் வேண்டும்.

மொழி குறித்தும் ஒன்று கூறப்பட வேண்டும். நிறுவனங்களின் அறிவிப்புகள் ஆங்கிலக் குறுஞ்செய்திகளாக வருகையில், முதியோர் அவற்றை விளம்பரம் என்றெண்ணி அழித்துவிடுகின்றனர். ஆங்கிலம் தெரியாமை, அடிப்படைச் சேவையை இழப்பதற்குக் காரணமாதல் கூடாது. 131 450 என்ற இலக்கத்தில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை உண்டு. 000 இலக்கத்தை அழைப்போர் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் ஆகியவற்றுள் வேண்டியதை முதலில் ஆங்கிலத்தில் சொல்லி, இணைப்பைத் துண்டிக்காமல் இருந்து, பின்னர் "தமிழ்" என்று கூறினால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். சொந்த நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாத இடத்திலும், வேறொரு நிறுவனத்தின் கோபுரம் அருகிலிருந்தால் அவசர அழைப்பு அதன் வழியாகச் செல்லக்கூடும்; ஆகையால் கோடுகள் இல்லையென்று கண்டு முயற்சியைக் கைவிடலாகாது. சேவை நிறுவனம் முறைப்பாட்டைத் தீர்க்க மறுத்தால், தொலைத்தொடர்புத் துறை முறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இப்பணியில் இளையோரின் பங்கு பெரிது. பெற்றோரின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, நொடியில் சரிசெய்து, விளக்கம் ஏதுமின்றித் திருப்பிக் கொடுப்பது உதவியாகத் தோன்றினாலும், அடுத்த முறை அவர்கள் மீண்டும் தனித்தே நிற்பார்கள். பக்கத்தில் அமர்ந்து, பெற்றோரின் விரலாலேயே ஒவ்வொரு படியையும் செய்விக்க வேண்டும். பெற்றோரும் "இது பிள்ளைகளின் வேலை" என்று ஒதுங்காது கற்க முன்வர வேண்டும். தமிழ்ப் பள்ளிகளும் முதியோர் சங்கங்களும் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கினால், பல வீடுகள் ஒரே நாளில் பயன்பெறும்.

இன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளை எடுத்து, வீட்டாரின் தொலைபேசி இலக்கங்கள், சேவை நிறுவனத்தின் இலக்கம், வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவின் இலக்கம், ஒவ்வொரு கருவியின் அடையாள எண், 000 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுதல் நன்று. தொலைபேசியில் மட்டும் சேமிக்கப்பட்ட இலக்கம், அத்தொலைபேசி செயலிழக்கும் நாளில் உதவாது.