ஒலிப்பதிவு இல்லாத இரு ஆசான்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடர் ஒன்றில் இசைத்தட்டுகளுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். வாய்மொழி மரபு பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். நாட்டார் பாடலும் கதையும் வாய்வழி வந்தவை. ஆனால் சொற்களே இல்லாத ஒரு மெட்டு எப்படி வந்து சேர்கிறது? வாசிப்பவன் கையிலிருந்து கேட்பவன் காதுக்கும், அந்தக் காதிலிருந்து இன்னொரு கைக்கும் அது போக வேண்டும். இடையில் ஒருவர் இறந்துவிட்டால் மெட்டும் அவரோடு போய்விடும். இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது அமெரிக்காவின் புளூகிராஸ் இசை. பழைய கசற் ஒன்றில் தற்செயலாகக் கேட்டதிலிருந்து அதை நான் விட்டதில்லை.

புளூகிராஸ் என்பது நீலப்புல். கென்ரக்கி மாநிலத்துக்கு வழங்கும் பெயர் அது. பில் மொன்றோ தமது குழுவுக்குப் 'புளூ கிராஸ் போய்ஸ்' என்று பெயரிட, அதுவே பின்னர் ஓர் இசைவகையின் பெயராயிற்று. பிடில், மண்டலின், பான்ஜோ, கிற்றார், நின்றபடி மீட்டும் பெரிய பாஸ் ஆகிய ஐந்தும் இதன் கருவிகள். மத்தளம் இல்லை. பாஸின் அடிக்கு நடுவே மண்டலின் தந்திகளை வெட்டி அடிக்கும் ஓசையே தாளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒருவர் மெட்டை வாசித்து முடித்துப் பின்வாங்க, அடுத்தவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து அதே மெட்டைத் தம் வழியில் எடுத்துச் செல்வார்.

மொன்றோ 1911 இல் கென்ரக்கியின் றொசீன் கிராமத்தை அடுத்த பண்ணை வீடொன்றிற் பிறந்தவர். கண்பார்வை குறைந்த பிள்ளை. அண்ணன்மார் பிடிலையும் கிற்றாரையும் எடுத்துக்கொள்ள, கடைக்குட்டிக்கு மண்டலின் மிஞ்சியது. பத்து வயதில் தாயையும் பதினாறு வயதில் தந்தையையும் இழந்தார். அப்போது அவரை வைத்துப் பார்த்தவர் தாய்மாமன் பெண்டில்ரன் வன்டிவர். கால் ஊனமுற்றவர், அயலில் நடக்கும் நடனங்களுக்குப் பிடில் வாசிப்பவர். மாமன் வாசிக்க மருமகன் கிற்றாரில் துணை வாசித்தார்.

இன்னோர் ஆசானும் இருந்தார். அவர் ஆர்னல்ட் ஷுல்ற்ஸ் என்னும் கறுப்பினத்தவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. கிற்றாரிலும் பிடிலிலும் வல்லவர். நடனங்களில் அவருக்கும் இளைஞன் மொன்றோ துணை வாசித்ததுண்டு. தமது இசையில் ஒலிக்கும் புளூஸ் சாயலுக்கு அவரே காரணம் என்று மொன்றோ பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஷுல்ற்ஸ் 1931 இலும் மாமன் 1932 இலும் காலமானார்கள். இருவரது வாசிப்பிலும் ஒரு நிமிட ஒலிப்பதிவேனும் இல்லை. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு இல்லாமலில்லை. இசைத்தட்டுக் கம்பனிகள் தென்மாநிலங்களுக்கே கருவிகளைக் கொண்டு சென்று நாட்டுப்புறக் கலைஞரைப் பதிவு செய்துகொண்டிருந்தன. ஆனால் அவை வெள்ளையரின் கிராமிய இசைக்கு ஒரு வரிசை, கறுப்பரின் இசைக்கு வேறொரு வரிசை என்று பிரித்தே விற்றன. வெள்ளையரும் கறுப்பரும் கூடி வாசித்த ஒரு நடன இரவை அவர்கள் எந்த வரிசையில் வைத்திருப்பார்கள்?

இனி, பதிவு செய்யப்பட்டவர்களின் கதைக்கு வருவோம். 1945 இல் ஏர்ள் ஸ்கிறக்ஸ் மொன்றோவின் குழுவிற் சேர்ந்தார். வட கரோலினாவைச் சேர்ந்த 21 வயது இளைஞர். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் உருட்டி வாசிக்கும் அவரது பாணியில் பான்ஜோவின் சுரங்கள் மழைத்தாரைபோல் இடைவிடாது விழுந்தன. ஆபிரிக்க அடிமைகளோடு அமெரிக்காவுக்கு வந்த கருவி அந்தப் பான்ஜோ என்பதையும் மறக்கலாகாது. 1948 இல் ஸ்கிறக்ஸும் பாடகர் லெஸ்ரர் பிளற்றும் பிரிந்து தனிக்குழு அமைத்தனர். 1949 டிசெம்பரில் சின்சினாற்றி நகரில் அவர்கள் பதிவு செய்ததே 'பொகி மவுன்ரின் பிரேக்டவுண்'. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடந்தான் பிடிக்கும். இந்த வாசிப்பு அதற்குள் முடிந்துவிடுகிறது. 1967 இல் 'பொனி அன்ட் கிளைட்' திரைப்படம் அதை உலகெங்கும் கொண்டு சென்றது.

நான் கவனிப்பது வேறொன்றை. இந்தத் தட்டுகள் ஆசிரியர்களாகவும் மாறின. 33 சுழற்சி நீண்ட நேரத் தட்டை 16 சுழற்சியில் ஓடவிட்டால் வேகம் பாதியாகும்; சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கும். இப்படி ஓடவிட்டு, ஸ்கிறக்ஸின் விரல்களை ஒவ்வொரு சுரமாகப் பிடித்துக்கொண்ட இளைஞர் பலர். ஆசானைக் காணாமலே சீடராக முடிந்தது.

மாமனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆயின் மருமகன் நாற்பது ஆண்டுகள் அவரது மெட்டுகளைக் காதில் வைத்திருந்தார். கெனி பேக்கர் என்னும் பிடில் கலைஞருக்கு அவற்றைக் கற்பித்து, 1972 இல் 'அங்கிள் பென்' என்ற தட்டாக வெளியிட்டார். பேக்கரும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவரே. கேட்டறியாத ஒருவரின் வாசிப்பை அவர் தம் கையில் எடுத்துக்கொண்டார். அந்தத் தட்டை நான் கேட்கும்போதெல்லாம் ஓர் ஐயம் எழும். இது மாமனின் இசையா, மருமகனின் ஞாபகமா, பேக்கரின் கைவண்ணமா? மூன்றுமே என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. வாய்மொழிக் கதைக்கும் இதே விடைதானே?

ஷுல்ற்ஸின் பெயரில் அப்படியொரு தட்டு மொன்றோவிடமிருந்து வரவில்லை. அவரது கிற்றார் வழி வேறு கைகளிலும் சென்றது. மேற்குக் கென்ரக்கியின் பெருவிரல் வாசிப்பு முறை கைமாறிக் கைமாறி மேர்ல் ட்ரவிஸ் என்னும் புகழ்பெற்ற கலைஞரை அடைந்தது. 2020 இல், கறுப்பினக் கலைஞரை இவ்விசைக்குள் ஊக்குவிக்க ஷுல்ற்ஸின் பெயரால் ஒரு நிதியமும் அமைக்கப்பட்டது. நல்ல காரியம். எனினும் அவரது கிற்றார் எப்படி ஒலித்தது என்பதை இனி யாரும் கேட்கப்போவதில்லை.

ஆதலால், 1996 இல் மறைந்த மொன்றோவின் மண்டலினைக் கேட்கும்போது, சுரம் சற்று வளைந்து துயரமாக இழையும் இடங்களில் நான் காதைக் கூர்மையாக்கிக்கொள்வேன். பதிவு செய்யாமற் போன ஒரு மனிதரின் பங்கு அங்கே இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் நீங்களும் அந்த இடங்களைக் கேட்டுப் பாருங்கள்.