பழைய விமானம் வாங்குவது எப்படி?

சில நாட்களுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியின் மேலே சிறிய விமானம் ஒன்று பறந்து போயிற்று. "சார், இதைப் பழசாக விலைக்கு வாங்க முடியுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. அது நல்ல கேள்வி.

அமெரிக்காவில் தனி ஆட்கள் பழைய விமானம் வாங்குவது சாதாரணமாக நடப்பது. செஸ்னா 172 என்னும் நான்கு பேர் அமரும் விமானம் 1956-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பல விமானங்கள் இன்றும் கைமாறுகின்றன.

வாங்குகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்? மேலே பூசிய சாயத்தையா? இல்லை, குறிப்பேட்டைப் பார்க்கிறார். விமானம் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தப் பழுதை யார் பார்த்தார் என்பதெல்லாம் அதில் கையொப்பத்துடன் இருக்கும். இவ்வகை இயந்திரங்கள் பலவற்றை 2,000 மணி நேரம் ஓடியதும் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆகவே, 1,900 மணி நேரம் ஓடிய விமானம் குறைந்த விலைக்குக் கிடைத்தால், அது மலிவு அல்ல. பெருஞ்செலவு வாசலில் நிற்கிறது. அதிகம் ஓடாததும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. நெடுநாள் சும்மா கிடந்த இயந்திரத்தின் உள்ளே துருப்பிடித்திருக்கலாம்.

இரண்டாவதாக, வாங்குகிறவர் தம் செலவில் ஒரு மெக்கானிக்கை அமர்த்துகிறார். விற்பவரின் ஆளை நம்புவதில்லை. அந்த மெக்கானிக் எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து, உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள்.

மூன்றாவதாக, ஓக்லஹோமா நகரிலுள்ள அரசாங்க விமானப் பதிவகத்தில் விசாரிக்கிறார்கள். விற்பவர்தான் சொந்தக்காரரா? விமானத்தின்மேல் கடன் உண்டா? இவை தெளியும்வரை பணத்தைப் பொதுவான ஒருவரிடம் ஒப்படைத்து வைப்பதும் உண்டு.

நேயர்களே, நாம் விமானம் வாங்கப் போவதில்லை. ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறோம். எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர் தீபாவளி போனஸ் பணம் முழுவதையும் கொடுத்து, பளபளவென்று ஒரு வண்டி வாங்கி வந்தார். மூன்றாம் மாதம் ஆட்கள் வந்து அதை இழுத்துப் போனார்கள். முதல் சொந்தக்காரர் தவணைக் கடனைக் கட்டி முடிக்கவில்லை! பணமும் போயிற்று, வண்டியும் போயிற்று. அந்தத் தாயார் அன்று லயத்து வாசலில் உட்கார்ந்து அழுததை நாம் மறக்கவில்லை.

பால்மரத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால் செழிப்பாகத்தான் தெரியும். வெட்டுப் பட்டையைப் பார்த்தால்தான் அதன் நிலை விளங்கும். வண்டியும் அப்படித்தான். இயந்திர எண்ணையும் சட்ட எண்ணையும் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். கடன் தீர்ந்ததா என்று கேளுங்கள். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பெயர் மாற்றாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் பத்திரத்தைக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.