காயங்களைக் கழுவிய சிறைக் காவலர்



இன்று நம் தியானத்திற்குத் திருத்தூதர் பணிகள் நூலின் 16ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் சிறைப்பட்ட நிகழ்ச்சி அது. நிலம் அதிர்ந்ததும், சிறைக் கதவுகள் திறந்ததும் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் நாம் வேகமாகக் கடந்துபோகிற ஒரு செய்தியும் அங்கே இருக்கிறது. அந்த நடு இரவிலேயே சிறைக் காவலர் அவர்கள் இருவரையும் அழைத்துப்போய், அடிபட்ட காயங்களைக் கழுவுகிறார். அவர் திருமுழுக்குப் பெற்றது அதற்குப் பிறகுதான். நம்பிக்கை கொண்டவர் செய்த முதல் வேலை, ஒரு கைதியின் புண்ணைக் கழுவியது.

சிறையில் இருப்பவரின் உடம்பும் கடவுள் படைத்த உடம்புதான். இதை நம் நாட்டின் சட்டமும் சொல்கிறது. 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டமே ஒவ்வொரு சிறைக்கும் மருத்துவ அலுவலர் வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை சிறை வாசலில் நின்றுவிடுவதில்லை. ஆனால் நடப்பு என்ன? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கே இடம் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கு பேரில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாதவர்கள். படுக்க இடமில்லாத அறையில் காசநோயும் சொறி சிரங்கும் எவ்வளவு விரைவாகப் பரவும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

அந்த விசாரணைக் கைதிகளில் ஒருவரை நாம் மறக்க முடியாது. திருச்சி மாவட்டம் விரகலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி அடிகளார். ஜார்க்கண்டில் ஆதிவாசி மக்களோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபர் 8 அன்று சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டபோது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயால் கை நடுங்கியது; டம்ளரைப் பிடிக்க முடியாது. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலும் மூடியுள்ள குவளையும் கேட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. பதில் சொல்ல விசாரணை முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 மே மாதக் கடைசியில் மும்பை உயர் நீதிமன்றம் அவரைத் திருக்குடும்ப மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவிட்டது. ஜூலை 5 அன்று, வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, அங்கு அவர் இறந்தார். வழக்கைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது பற்றிக் கிறிஸ்தவருக்கு இரண்டு கருத்து இருக்க முடியுமா? மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், தாகமாயிருந்தவரையும் சிறையில் இருந்தவரையும் ஒரே மூச்சில் தம்மோடு சேர்த்துப் பேசுகிறார்.

பவுல் சிறைக்குப் போனதற்குக் காரணம் என்ன? ஓர் அடிமைப் பெண். அவளைப் பிடித்திருந்த ஆவியை வைத்து அவளுடைய முதலாளிகள் பணம் சம்பாதித்தார்கள். அவள் விடுதலை பெற்றதும் அவர்கள் வருமானம் போயிற்று. ஒருவரின் அடிமைத்தனம் இன்னொருவருக்கு வருமானம்! 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தது இதுதானே? மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. நமக்கு அடுத்த ஊர்கள் இவை. கூலி வேலை செய்து வந்த குடும்பங்கள். இப்போது கஞ்சாவும் மாத்திரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை வந்துவிட்டன.

விற்பவனை வேறாகவும், சிக்கிக்கொண்டவனை வேறாகவும் பார்க்க 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமே வழி வைத்திருக்கிறது. அதன் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவு வைத்திருந்த வழக்கில், தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற மையத்தில் சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து காக்கப்படுவார். சிகிச்சையை முழுவதும் முடிக்க வேண்டும், அவ்வளவே. இது பல தாய்மாருக்குத் தெரியாது. மகனை வீட்டுக்குள் மறைத்து வைக்கிறார்கள். கடைசியில் காவல் நிலையத்தில்தான் பார்க்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் குடித்தவர் திடீரென்று சிறைக்குள் போனால் இரண்டு மூன்று நாளில் கை கால் உதறும், புத்தி தடுமாறும், வலிப்பு வரும், உயிரே போகலாம். அது நடிப்பு அல்ல, நோய். குடும்பத்தார் முதல் நாளே சிறை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பவுலையும் சீலாவையும் நடுவர்களிடம் இழுத்துச் சென்றவர்கள் தங்கள் பண இழப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. இவர்கள் யூதர்கள், வேற்று வழக்கம் உள்ளவர்கள் என்றார்கள். அது போதுமானதாக இருந்தது. கூட்டம் திரண்டது, தடியடி விழுந்தது. வெறுப்புக்கு ஆதாரம் தேவையில்லை, அடையாளம் போதும்.

கூட்டுக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, இனம், சாதி, மொழி, பிறந்த இடம், தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்யும் கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த முதல் வரைவில் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை என்ற வாய்ப்பும் இருந்தது. டிசம்பரில் வந்த வரைவில் அது இல்லை. சட்டத்தில் ஒரு வரி கூடுவதும் குறைவதும் சிறிய காரியம் அல்ல. அதை உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்பவர்கள் வேண்டும்.

சிறைக்குள்ளும் சாதி போயிருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சாதி பார்த்து வேலை கொடுக்கும், அறை பிரிக்கும் சிறை விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாக அறை பிரித்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. சண்டை வரக் கூடாது என்பதற்காகப் பிரிக்கிறோம் என்று சொல்லப்பட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இதைக் கேட்டு நாம் சிறையை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. நம் உயர் மறைமாவட்டத்தின் எறையூரில், ஒரே நற்கருணையை உண்டவர்களிடையே 2008 மார்ச்சில் சாதி மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். பிலிப்பியின் சந்தைவெளி நமக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

பொழுது விடிந்தது. நடுவர்கள் பவுலை ஓசைப்படாமல் அனுப்பிவிடப் பார்த்தார்கள். பவுல் போகவில்லை. விசாரணையில்லாமல் எல்லார் முன்பும் அடித்துவிட்டு, இப்போது யாருக்கும் தெரியாமல் அனுப்புவதா, அவர்களே நேரில் வரட்டும் என்றார். அவர் பழிவாங்க நினைக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் பதில் சொல்லும் வழக்கம் அந்த ஊரில் ஏற்பட வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

நாடாளுமன்றக் குழுக்கள் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். 2023 செப்டம்பரில் உள்துறைக்கான நிலைக்குழு சிறைகளின் நிலை பற்றித் தன் 245ஆவது அறிக்கையை வைத்தது. ஆனால் சிறை, மாநிலப் பட்டியலில் உள்ள துறை. ஆகவே தில்லியில் அறிக்கை வந்தால் மட்டும் போதாது. சென்னையிலும் கேள்வி எழ வேண்டும். நம் ஆரணித் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும், நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் சாலையும் தண்ணீரும் கேட்கிற நாம், கடலூர் மத்திய சிறையில் மருத்துவர் இடம் காலியாக இருக்கிறதா என்றும் கேட்கலாம். கேட்பது நம் உரிமை. நம் செபத்தின் தொடர்ச்சியும் அதுவே.

அன்பர்களே, இந்த வாரம் மூன்று காரியம் செய்வோம். நம் தெருவில் யாருடைய பிள்ளையாவது சிறையில் இருந்தால், அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம்; அந்தத் தாய் கோயிலில் கடைசி வரிசையில் தனியாக உட்காராதபடி பக்கத்தில் போய் அமர்வோம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணையும், போதையில் சிக்கியவர்களின் வீட்டாருக்கு 14446 என்ற எண்ணையும் எழுதிக் கொடுப்போம். கைதிக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு என்று எந்த நோய் இருந்தாலும், மருந்துச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்க்க உதவுவோம்.

அந்தச் சிறைக் காவலர் காயத்தைக் கழுவுமுன் கைதி குற்றவாளியா, நிரபராதியா என்று விசாரித்ததாக விவிலியம் சொல்லவில்லை. விளக்கை எடுத்துவரச் சொன்னார், காயத்தைக் கண்டார், கழுவினார். பிறகு தம் வீட்டிலேயே சாப்பாடு போட்டார். மன்றாடுவோம்: ஆண்டவரே, சிறையில் நோயுற்றிருப்போரையும், அவர்களைக் காக்கும் காவலர்களையும், சட்டம் இயற்றுவோரையும் கண்ணோக்கியருளும். சிறைப்பட்டோரில் உம்மைக் கண்டு பணிபுரியும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.