குற்றமும் மனநோயும்



ஒருவன் அரிவாளை எடுத்து அண்டை வீட்டுக்காரரை வெட்டிவிடுகிறான். ஏன் வெட்டினாய் என்று கேட்டால், "அவர் என் சோற்றில் நாள்தோறும் நஞ்சு கலந்தார், இரவு முழுதும் சுவருக்கு அப்பால் நின்று என்னை ஏசினார்" என்கிறான். நஞ்சும் இல்லை, ஏசியவரும் இல்லை. ஆயினும் அவன் காதில் அந்த ஏச்சு விழுந்தது என்பது மட்டும் உண்மை. இவனைச் சிறைக்கு அனுப்புவதா, மருத்துவமனைக்கு அனுப்புவதா? இந்தக் கேள்விக்குச் சட்டம் விடை கண்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. அந்த விடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவர்கள். பிறரால் அடிபடுகிறவர்களும் ஏமாற்றப்படுகிறவர்களும் அவர்களே. நான் பேசப்போவது அவர்களில் மிகச் சிலரைப் பற்றியே.

1843-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் டானியல் மக்நாட்டன் என்ற மரக் கடைசல் தொழிலாளி, பிரதம மந்திரி இராபர்ட் பீலின் காரியதரிசியாக இருந்த எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றான். ஆளுங்கட்சியினர் தன்னை ஊர் ஊராகத் துரத்தி வதைப்பதாக அவன் நம்பியிருந்தான். சித்தம் கலங்கியவன் என்று கண்டு நீதிமன்றம் அவனைக் குற்றத்தினின்று விடுவித்தது. நாடே கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் அளித்த விடைகளே மக்நாட்டன் விதிகள் என்று பெயர் பெற்றன. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு அவற்றின் சாயல் கொண்டது. செயலைப் புரிந்த வேளையில், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறியமுடியாத அளவுக்குச் சித்தம் பேதலித்திருந்தவன் குற்றவாளி ஆகான் என்பது அதன் கருத்து. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையில் அதுவே 22-ஆம் பிரிவாக இருக்கிறது.

விடுவித்தது என்றேனே தவிர, மக்நாட்டன் வீடு திரும்பவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பெத்லம் மருத்துவமனையிலும், பின்பு பிராட்மூரிலும் இருந்து 1865-இல் அங்கேயே இறந்தான்.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. செயல் நடந்த வேளையில் சித்தம் எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. இன்று, விசாரணைக் கூண்டில் நிற்கும்போது, தன் மேல் உள்ள குற்றச்சாட்டு அவருக்குப் புரிகிறதா, வக்கீலிடம் தன் கட்சியை எடுத்துச் சொல்ல முடிகிறதா என்பது வேறொரு கேள்வி. முடியவில்லை என்றால் விசாரணையை ஒத்திவைக்கவேண்டும். இது முற்றிலும் நியாயமான விதி. ஆனால் ஒத்திவைத்த வழக்கை மறுபடி எடுப்பவர் யார்?

அஸ்ஸாம் மாநிலத்து மாச்சாங் லாலுங் என்பவர் 1951-இல், தம் இருபத்து மூன்றாம் வயதளவில், ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தார் என்று கைது செய்யப்பட்டார். சித்தம் சரியில்லை என்று தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் அவர் குணமடைந்துவிட்டார் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. பின்னும் அவர் விடுதலையாகவில்லை, சிறைக்கு மாற்றப்பட்டார். தேசிய மனித உரிமை ஆணையத்தின் பார்வையில் அவர் வழக்கு விழுந்த பிறகு, 2005 ஜூலையில் ஒரு ரூபாய்ப் பிணையில் வெளியே வந்தார். உள்ளே கழிந்தவை 54 ஆண்டுகள். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர்களிலும் பலர் பதினான்கு, இருபது ஆண்டுகளில் வெளிவருகிறார்கள். இவரோ ஒரு நாளும் தண்டனை விதிக்கப்படாதவர். உச்சநீதிமன்றம் அவருக்கு மூன்று இலட்சம் ரூபாய் இழப்பீடும் மாதம் ஆயிரம் ரூபாயும் வழங்க உத்தரவிட்டது. 2007 டிசம்பரில் அவர் காலமானார்.

அவர் தனியொருவர் அல்லர். பீகாரில் ஹசாரிபாக் சிறையில், சித்தம் தெளிந்த பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி இலவசச் சட்ட உதவிக் குழு ஒன்று 1982-இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதிற்று. நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்று அவர்களை விடுவித்தது. வீணா சேத்தி வழக்கு என்பது அது. ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தபோது அத்தனை பேர் வெளியே வந்தார்கள்.

இவ்வளவுக்கும் மருந்து இல்லாத நோயும் அன்று இது. லாலுங் கைதான அடுத்த ஆண்டில், 1952-இல், பாரிஸ் நகரில் குளோர்புரோமசீன் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதற்குமுன் எங்கள் மருத்துவமனைகள் பெரும்பாலும் காவல்கூடங்களாகவே இருந்தன. இன்றோ, காதில் குரல் கேட்டு வருகிறவர்களில் பலருக்குச் சில வாரங்களில் அக்குரல் அடங்குகிறது, தூக்கம் வருகிறது, எதிரே இருப்பவர் பகைவர் அல்லர் என்று தெரிகிறது. நீதிபதி யார், வக்கீல் எதற்காக, சாட்சி சொல்வதென்றால் என்ன என்று பொறுமையாக எடுத்துச் சொன்னால் விளங்கிக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒரு செய்தியை வெளியுலகம் அறியாது. தாயை வெட்டிய மகன் மருத்துவமனைக்கு வரும்போது அழுவதில்லை. தான் அழித்தது ஒரு பேயை என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான். மருந்து வேலை செய்யத் தொடங்கி, நோய் தெளிந்து வரும்போதுதான் அது பேயன்று, அம்மா என்று அவனுக்குத் தெரியவருகிறது. நாங்கள் மிகவும் அஞ்சிக் காவல் காப்பது அந்த நாட்களில்தான். குணமாகிவிட்டான் என்று ஏட்டில் எழுதுகிறோம். அந்த இரவில் அவன் கட்டிலின் பக்கத்தில் ஆள் இல்லாமல் விடுவதில்லை.

நீதிமன்றங்கள் அனுப்பும் நோயாளிகளுக்கான வார்டில் நானும் பல ஆண்டுகள் பணியாற்றியவன். எந்த ஊர் என்பது வேண்டாம். வைக்கோற்போருக்குத் தீ வைத்தார் என்று ஒரு குடியானவர் வந்திருந்தார். நான்கு மாதங்களில் நன்கு தெளிந்துவிட்டார். விசாரணையைச் சந்திக்கத் தகுதியுடையவர் என்று சான்று எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். என் கடமை முடிந்தது என்று எண்ணினேன். அதற்குள் வேறு பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். பதினொரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, நம்ம கேசு என்னாச்சுங்க?"

அவர் என்றோ ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். விசாரித்ததில், அவ்வழக்கு வேறொரு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. என் சான்றோ பழைய நீதிமன்றத்தின் கட்டுகளுள் கிடந்தது. காவலுடன் அழைத்துப்போகும் உத்தரவு ஒருவரும் பிறப்பிக்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வைக்கோற்போர் ஒன்றுக்காகப் பதினொரு மாதம், அதுவும் தெளிந்த அறிவோடு. அவருடைய நோய் இதில் பங்குபெறவே இல்லை.

சட்டம் இப்போது பெரிதும் திருந்தியிருக்கிறது. விசாரணைக்குத் தகுதியற்றவரையும், உள்ளே வைத்து மருத்துவம் செய்யத் தேவையில்லை என்றால், உறவினர் பொறுப்பில் ஜாமீனில் விடுவதற்கு வழி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலேனும் அதன் மருத்துவப் பகுதியில் மனநல நிலையம் அமைக்கவேண்டும் என்கிறது. அதே பிரிவில் இன்னொரு விதியும் உண்டு: சிறை மருத்துவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, தம் சிறையில் மனநோயுள்ள கைதிகள் இல்லை என்று சான்றளிக்கவேண்டும். நோக்கம் நல்லதே. ஆயினும் இல்லை என்று எழுதவேண்டிய படிவத்தில், இருக்கிறார்கள் என்று எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இத்தனை பேர் இருக்கிறார்கள், இன்னின்ன வழக்கு இன்ன தேதியிலிருந்து நிற்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

அந்தக் குடியானவருக்காக நானே நீதிமன்றத்துக்கு நடந்தேன். மூன்றே வாரத்தில் வழக்கு எடுக்கப்பட்டது. தீ வைத்தபோது அவர் சித்தம் சரியாக இல்லை என்று கண்டு நீதிபதி விடுவித்தார். அழைத்துப்போக வந்த அண்ணன், "மறுபடி வருமாங்க?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தினால் வரலாம் என்றேன். வைக்கோற்போரின் சொந்தக்காரரும் கூட வந்திருந்தார். மாத்திரை எங்கே கிடைக்கும், வேளைக்கு எத்தனை என்று என்னிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டவர் அவரே.