சம்மட்டியும் செங்கோலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இடியைக் காகிதத்தில் சுற்றித் திரி வைத்து விற்கும் மண் இது. அதே மண்ணின் அச்சுக்கூடங்கள் தெய்வத்தையும் காகிதத்தில் ஏற்றின. நாட்காட்டியில் முருகனும் இலக்குமியும் கொலுவிருக்க, அருகிலேயே சித்திரக்கதை வீரர்களும் அச்சேறினர். ஆகவே, வடபுலத்து இடித்தெய்வம் ஒன்று சித்திரக்கதை நாயகனான வரலாற்றைத் திருத்தங்கல்லில் பேசுவது பொருத்தமற்ற செயலன்று.

நார்வே, ஐஸ்லாந்து முதலிய வடபுல நாடுகளில் பண்டு வணங்கப்பெற்ற தெய்வங்களுள் ஒருவன் தோர். ஓடினின் மகன்; இடிக்கு இறைவன்; சம்மட்டியே அவன் படைக்கலம். கி.பி. 1000ஐ ஒட்டி ஐஸ்லாந்து கிறித்துவத்தை ஏற்றது. கோயில் போயிற்று, கதை மட்டும் நின்றது. ஏறத்தாழ 1220இல் சுனோரி என்னும் ஐஸ்லாந்துப் புலவர் அக்கதைகளைத் தொகுத்தார். பழந்தொன்மம் அறியாத இளம் புலவர்க்குப் பழைய உருவகங்கள் விளங்காமற் போகுமே என்ற கவலையே அத்தொகுப்புக்குக் காரணங்களுள் ஒன்று. ஒரு நாட்டின் தெய்வங்கள் பிழைத்தது, கவிதை இலக்கணம் கற்பிக்க எழுந்த நூலால் என்பது கவிஞர்கள் நினைவில் இருத்த வேண்டிய செய்தி.

1962 ஆகஸ்டில் அமெரிக்க மார்வல் நிறுவனம் தோரைச் சித்திரக்கதைக்குள் கொணர்ந்தது. ஸ்டான் லீ, லாரி லீபர், ஓவியர் ஜாக் கர்பி ஆகியோர் அதனை உருவாக்கினர். கால் ஊனமுற்ற மருத்துவர் ஒருவர் குகையொன்றில் ஊன்றுகோலைக் கண்டெடுக்கிறார். அதைப் பாறையில் தட்டியதும் கோல் சம்மட்டியாகிறது, மருத்துவர் தோராகிறார். மூலத்தில் செந்தாடி உடையவன் இங்கே தாடியற்ற பொன்முடியான். மூலத்தில் ஓடினோடு குருதி கலந்து உடன்பிறப்பான லோகி, இங்கே தோருக்கு வளர்ப்புத் தம்பி. இவை மேற்போக்கான மாற்றங்கள்.

ஆழமான மாற்றம் வேறு. பழங்கதையில் அச்சம்மட்டி குள்ளக் கொல்லர் வடித்த அரிய கருவி. உலைக்களத்தில் லோகி ஈ வடிவெடுத்துக் கடித்தமையால் கைப்பிடி குட்டையாயிற்று. அரக்கன் ஒருவன் அதைத் திருடியும் விடுகிறான். மீட்பதற்குத் தோர் மணப்பெண் வேடம் புனைய நேர்கிறது. திருடன் கையும் தூக்கவல்ல கருவி அது. சித்திரக்கதையிலோ, தகுதியுடையார் மட்டுமே தூக்க இயலும் என்ற எழுத்து அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. வலிமையின் சின்னம் அறத்தின் சின்னமாயிற்று. மீவீரர் கதைகளின் உயிர்நிலை இதுதான்: எவர் வலியவர் என்பதன்று வினா, வலிமையை ஏந்தத் தக்கவர் எவர் என்பதே வினா.

இவ்வகைக் கதைகளுக்குத் தமிழில் வாயில் திறந்த ஊர் சிவகாசி. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிற்று. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தோன்றும் அந்த ஆங்கிலக் கதைநாயகன், தமிழ் வாசகரின் வீட்டுப் பிள்ளையானான். 1984இல் லயன் காமிக்ஸ் பிறந்தது. பின்னாளில் வான் ஹாம் எழுத, ரோசின்ஸ்கி வரைந்த 'தோர்கல்' வரிசையும் இங்கிருந்தே தமிழில் வெளிவந்தது. விண்ணினத்தில் பிறந்து வடபுலக் கடலோடிகளால் வளர்க்கப்பெற்ற தோர்கல், மனைவி மக்களோடு அமைதியாக வாழ விரும்பும் எளியவன். தெய்வங்களும் விதியுமே அவனை விடுவதில்லை.

தமிழகத்திலும் இடிப்படை ஏந்திய தெய்வம் உண்டு. தொல்காப்பியம் மருத நிலத்துக்கு உரியவனாகக் கூறும் வேந்தனை இந்திரன் என்பர் உரையாளர். புகார் நகரில் அவனுடைய வச்சிரப் படைக்குத் தனிக் கோட்டமே இருந்ததைச் சிலம்பு காட்டும். இந்திரவிழா மறக்கப்பட்டமையால் புகாரைக் கடல் கொண்டது என்பது மணிமேகலை. தோரைப் போலவே விழாவை இழந்து காப்பியத்தில் தங்கிவிட்டவன் அவன். ஆயினும் இந்திரனைப் போன்றோரைப் புதிய வினாக்களோடு வரைந்து பார்க்கும் துணிவு, தமிழ்ச் சித்திரக்கதையில் வேரூன்றவில்லை. வழிபாட்டில் உள்ள தெய்வத்தைக் கதைமாந்தராக்கத் தயங்குவது இயல்பே. இலக்குமி படம் ஒட்டிய வெடியைக் கொளுத்துவது முறையோ என்று வினவும் நாடு இது; அவ்வுணர்வு மதிக்கத்தக்கதே. ஆனால் அத்தயக்கம் தடுக்காத கதைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று திருத்தங்கல்லுக்கே உரியது.

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு அதனை உரைக்கிறது. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பராசரன் தங்காலில் தங்குகிறான். தன்னோடு பிழையின்றி மறை ஓதிய மழலைச் சிறுவன் தக்கிணனுக்கு அணிகலன்களைத் தருகிறான். வறிய வீட்டில் பொன் கண்ட அரச ஏவலர், தந்தை வார்த்திகனைச் சிறையிடுகின்றனர். மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து அழுகிறாள். அது கண்ட ஐயை தன் கோயிற் கதவைத் திறக்கவில்லை. அவ்வளவே; ஓர் ஆயுதமும் எழவில்லை. பாண்டியன் தன் செங்கோல் எங்கே வளைந்தது என ஆராய்ந்து, வார்த்திகனை விடுவித்துப் பொறை வேண்டி, திருத்தங்காலையும் வயலூரையும் வழங்குகிறான். அப்போது திறந்த கதவின் ஒலி கூடல் நகர் எங்கும் கேட்டதாம்.

தோரின் சம்மட்டியில் எழுதப்பட்ட அதே தகுதி வினாவைச் செங்கோலை நோக்கி எழுப்பிய கதை இது. இங்கே ஆற்றல், அடித்து நொறுக்குவதில் இல்லை. திறக்க மறுப்பதில் இருக்கிறது. அழுகைக்கு உரியவள் ஏழை மனைவி. அதற்கு விடை சொல்ல வேண்டியவன் அரசன். கந்தகத்தின் நடுவே உழைத்து, வெடிவிபத்தில் உறவை இழந்து நிற்கும் இவ்வட்டாரப் பெண்களுக்குக் கார்த்திகை அயலாள் அல்லள்.

தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்னும் சங்கப் புலவரை இவ்வூரினர் என்பர். உலைக்களத்தாரும் பாடிய ஊர் இது. ஓவியரும் அச்சகமும் அருகிலேயே உள்ளன. மூடிய கதவின் முன் நிற்கும் கார்த்திகையைக் கட்டம் கட்டமாக வரையத் தக்க சொற்களை அளிக்க வேண்டியவர்கள் கவிஞர்களே. அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டம் அப்பணியைத் தொடங்குமாக.